ஒரு சாம்பிளரிலிருந்து இன்னொரு சாம்பிளருக்குப் பாட்டை மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது சாம்பிளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து, பேட் எனப்படும் பொத்தான்களில் தட்டி வாசிக்கும் கருவி) வந்துவிட்டது, பழையதில் பாதி முடிந்ததும் முடியாததுமாக நிறையப் பாட்டுகள் கிடக்கின்றன, அவற்றை எப்படி இதற்குள் கொண்டுவருவது என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் விஷயம். எம்பிசி 2000எக்ஸ்எல், எம்பிசி 1000, எஸ்பி-404எஸ்எக்ஸ், ஆக்டாட்ராக், டிஜிடாக்ட் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நானே பலமுறை மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை இழந்துதான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் பதில்கள். கம்ப்யூட்டரிலேயே முழுக்க இசையமைப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

பழைய சாம்பிளரில் சேவ் செய்த ப்ராஜெக்டைப் புதியதில் அப்படியே திறக்க முடியுமா?

கம்பெனி வேறு என்றால் முடியாது. இதற்குக் குறுக்கு வழி தேடி நாட்களைச் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் ப்ராஜெக்டைத் தன் சொந்த வடிவத்தில்தான் எழுதுகிறது. புகைப்படத்துக்கும் எழுத்துக்கும் இருப்பதைப்போல எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரு பொது வடிவம் சாம்பிளர் ப்ராஜெக்டுக்கு இதுவரை இல்லை.

ஒரே கம்பெனிக்குள் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆக்டாட்ராக் முதல் மாடலும் இரண்டாவது மாடலும் ஒரே இயங்குதளத்தில் ஓடுகின்றன, அதனால் கார்டைக் கழற்றி மாற்றிச் செருகினால் போதும். எம்பிசி 1000, எம்பிசி 2000எக்ஸ்எல்லின் பிஜிஎம் (பேட் அமைப்பு), எஸ்என்டி (ஒலி) ஃபைல்களைப் படிக்கும். 2017-இல் வந்த எம்பிசி லைவ், எம்பிசி எக்ஸ், அப்புறம் 2020-இல் வந்த எம்பிசி ஒன் எல்லாம் ஒரே குடும்பம், தங்களுக்குள் ப்ராஜெக்டைப் பரிமாறிக்கொள்ளும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வழி பழையதிலிருந்து புதியதை நோக்கித்தான் திறந்திருக்கும். புதிய ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) சேவ் செய்ததைப் பழைய ஃபர்ம்வேர் திறக்காது. எம்பிசியின் 3-ஆம் பதிப்பில் சேவ் செய்த ப்ராஜெக்டை 2-ஆம் பதிப்பில் திறக்க முடியாது. ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கு முன் கார்டு முழுவதையும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் எடுத்துப்போக முடியும்?

ப்ராஜெக்ட் என்று ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, உள்ளே நாலைந்து வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலில் சாம்பிள்கள், அதாவது ஒலி. அடுத்து எந்தப் பேடில் எந்த சாம்பிள், எவ்வளவு வால்யூம், என்ன சுருதி, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்ற தகவல். அதற்கு மேல் சீக்வென்ஸ், எந்த நொடியில் எந்தப் பேட் எவ்வளவு பலமாக அடிபடுகிறது என்பது. அதற்கும் மேல் எஃபெக்ட், மிக்ஸ்.

ஒலி எளிதாகப் போய்விடும். சீக்வென்ஸ் மிடி (இசைக் கருவிகள் நோட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது முறை) வழியாகப் போகும், ஆனால் வழியில் கொஞ்சம் அடிபடும். பேட் தகவலைப் பெரும்பாலும் கையால்தான் மறுபடி போட வேண்டும். எஃபெக்ட் போகவே போகாது, அதை ஒலியாகப் பதிவு செய்துதான் கொண்டுபோக முடியும்.

இதை ஏற்றுக்கொண்டால் வேலை சுலபம். ப்ராஜெக்டை மாற்றுகிறோம் என்று நினைக்காமல், அதே பாட்டைப் புது கருவியில் மறுபடி கட்டுகிறோம் என்று நினையுங்கள். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய கருவியில் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டு ஸ்டீரியோவாக ஒருமுறை பதிவு செய்வது. புது கருவியில் கட்டும்போது பக்கத்தில் வைத்துக் கேட்க அதுதான் அளவுகோல். ஞாபகத்தை நம்ப முடியாது, இரண்டு வாரத்தில் காது புது ஒலிக்குப் பழகி, பழையதும் இப்படித்தான் இருந்தது என்று நம்மை நம்ப வைத்துவிடும்.

சாம்பிளை மாற்றியதும் சுருதி இறங்கி, தாளமும் மெதுவாகிவிட்டது. ஏன்?

சாம்பிள் ரேட், அதாவது கருவி ஒரு விநாடி ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்பது. ஆக்டாட்ராக் 44.1 கிலோஹெர்ட்ஸ். டிஜிடாக்ட், எஸ்பி-404எம்கே2 இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ். எஸ்பி-404எஸ்எக்ஸ் 44.1. டீனேஜ் இன்ஜினியரிங்கின் ஈபி-133 இவை எதனோடும் சேராமல் 46.875 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது.

சில கருவிகள் ஃபைலை உள்ளே எடுக்கும்போதே தன் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளும். ஆக்டாட்ராக் மாற்றாது. 48-இல் இருக்கும் ஃபைலை 44.1 என்று நினைத்தே வாசிக்கும். அப்போது சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (ஒரு செமிடோன் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் தூரம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), சரியாகச் சொன்னால் 147 சென்ட் இறங்கும். 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 பீட்) வெட்டிய லூப் 82.7-இல் ஓடும். சுருதி ஒன்றரை செமிடோன் இறங்கியிருந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

கம்ப்யூட்டரில் நல்ல ரீசாம்பிளிங் தரும் மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். மாற்றியது சரியா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. 90 பிபிஎம்மில் 4 பார் (பாருக்கு 4 பீட்) என்றால் 44.1-இல் 470400 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்பது ஒலியை அளந்த எண்ணிக்கை), 48-இல் 512000 சாம்பிள். ஏதாவது ஆடியோ எடிட்டரில் லூப்பைத் திறந்து நீளத்தைப் பாருங்கள். அந்த எண் வரவில்லை என்றால் லூப் தொடக்கத்திலோ முடிவிலோ எங்கோ பிசகியிருக்கிறது. நீண்ட நேரம் ஓடவிட்டால் மெதுவாக விலகும் லூப்பை இப்படித்தான் பிடிக்க முடியும்.

பிட் ஆழம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 24 பிட்டை 16 பிட்டாக்கினால் டிரம் ஒலியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்குப் போவது அப்படி அல்ல. முதல் டிஜிடாக்ட் மோனோ மட்டும்தான். அகலமான ஒரு கீபோர்டு ஒலியை இடமும் வலமும் கூட்டி மோனோவாக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுவே உள்ளீடற்றுப் போகலாம். அப்படி ஆனால் கூட்டுவதற்குப் பதில் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதுவே நன்றாக இருக்கும்.

எஸ்பி-404எஸ்எக்ஸ் கார்டைத் திறந்தால் ஏ0000001 என்று எண்களாக இருக்கிறது. எது எந்த ஒலி?

முதல் எழுத்து பேங்க், கடைசி எண் பேட். ஏ0000001 என்றால் ஏ பேங்க் முதல் பேட், சி0000007 என்றால் சி பேங்க் ஏழாவது பேட். 10 பேங்க், பேங்குக்கு 12 பேட், மொத்தம் 120. எல்லாம் சாதாரண வேவ் ஃபைல்தான், அப்படியே நகலெடுக்கலாம். பேடின் தொடக்கம், முடிவு, வால்யூம், லூப் உண்டா இல்லையா என்பவை எல்லாம் அதே ஃபோல்டரில் தனியாக ஒரு BIN ஃபைலில் இருக்கின்றன. வேவ் ஃபைலை மட்டும் எடுத்துப்போனால் நீங்கள் பேடில் குறுக்கிய தொடக்கமும் முடிவும் கூடவே வராது, முழு ஒலியும் வரும். அதனால் நகலெடுப்பதற்கு முன் கருவிக்குள்ளேயே ட்ரங்கேட் செய்துவிடுங்கள், அதாவது வேண்டாத பகுதியை நிரந்தரமாக வெட்டிவிடுங்கள். ஒரிஜினல் முழு நீளமும் பிறகு வேண்டியிருக்கலாம் என்றால் அதை முதலில் தனி ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

நகலெடுத்த கையோடு பெயரையும் மாற்றிவிடுங்கள். கிக், ஸ்நேர், பாஸ் என்று பெயரிட்டு பிபிஎம்மையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், 16 எழுத்துக்குள். தமிழில் பெயர் வைத்தால் பழைய கருவிகளின் சின்னத் திரையில் தெரியாது.

ஃப்ளாப்பியில் இருக்கும் பழைய பாட்டுகள்?

முதலில் நகல், பிறகு மற்றதெல்லாம். ஃப்ளாப்பியை ஒவ்வொரு முறை செருகும்போதும் அது கடைசி முறையாக இருக்கலாம். ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பியில் 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் மோனோ ஒலி சுமார் 16 விநாடிதான் கொள்ளும், அந்தப் 16 விநாடிக்காக அந்தக் காலத்தில் எவ்வளவு யோசித்து வெட்டினோம் என்று நினைத்தால், அதை அலட்சியமாக விட மனம் வராது.

அகாய் எஸ்1000, எஸ்3000 வகை டிஸ்க்குகள் அவற்றின் சொந்த அமைப்பில் எழுதப்பட்டவை. கம்ப்யூட்டரில் செருகினால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அமைப்பைப் படிக்கத் தெரிந்த மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் ஒரு இமேஜாக எடுங்கள். பழைய கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் கோடெக் போன்ற ஃப்ளாப்பி எமுலேட்டர் போட்டுக்கொள்வது நல்லது, ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் யூஎஸ்பி குச்சி வந்துவிடும். ஸ்கஸி (பழைய வகை டிஸ்க் இணைப்பு) உள்ள கருவிக்கு எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் பலகைகளும் இருக்கின்றன.

சீக்வென்ஸை மிடி ஃபைலாக எடுத்தேன். புது கருவியில் கிக் அடிக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ ஒலிக்கிறது.

பேடுக்கும் மிடி நோட் எண்ணுக்கும் உள்ள தொடர்பு மாறியிருக்கிறது. பழைய எம்பிசி முறையில் முதல் பேட் நோட் 37, இரண்டாவது 36, மூன்றாவது 42, நான்காவது 82, ஐந்தாவது 40, ஆறாவது 38, ஏழாவது 46, எட்டாவது 44. பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரியும், ஆனால் 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட் என்ற பொது டிரம் வரிசைக்கு ஏற்பப் போட்டது அது. வேறு பல கருவிகளில் பேடுகள் 36-இலிருந்து வரிசையாக ஏறும். அங்கே இந்த மிடி ஃபைலைப் போட்டால் முதல் பேடும் இரண்டாவது பேடும் இடம் மாறும், நான்காவது பேட் எங்கோ 82-இல் போய் ஒலிக்காமலே நிற்கும்.

சில கருவிகளில் நோட் வரிசையைப் பழைய முறைக்கு மாற்ற வசதி இருக்கும், அதை முதலில் தேடுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் மிடி ஃபைலைத் திறந்து நோட்டுகளை மேலும் கீழும் நகர்த்திவிட்டுச் சேவ் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

ஆக்டாட்ராக், டிஜிடாக்ட் இரண்டும் மிடி ஃபைலை வாங்காது. அங்கே நிஜ நேரத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். பழைய கருவி கிளாக்கை (வேகத்தைக் காட்டும் துடிப்பு) அனுப்பட்டும், புதியது அதைப் பின்தொடர்ந்து ரெக்கார்டு மோடில் ஓடட்டும். ஒரு நேரத்தில் ஒரு ட்ராக், குவான்டைஸை (நோட்டுகளைத் தானாகத் தாளக் கட்டத்துக்கு நகர்த்தும் வசதி) அணைத்துவிட்டு. இதில் ஒரு சிக்கல் எப்போதும் வரும். முதல் கிக் ஒரு நூலிழை முன்னதாக வந்து சேர்ந்து, முதல் ஸ்டெப்பில் விழாமல் முந்தைய சுற்றின் கடைசி ஸ்டெப்பில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டைப் போட்டால் முதல் அடி இல்லாமல் தொடங்கும். இரண்டு சுற்று ஓடவிட்டுப் பதிவு செய்தால் கண்டுபிடிக்கலாம், கடைசி ஸ்டெப்பில் காரணமில்லாமல் ஒரு கிக் இருந்தால் அதை எடுத்து முதல் ஸ்டெப்பில் வையுங்கள்.

ஆக்டாட்ராக்கிலும் முதல் டிஜிடாக்டிலும் பேட்டர்ன் அதிகபட்சம் 64 ஸ்டெப், அதாவது பதினாறாம் நோட்டுக் கணக்கில் 4 பார். எம்பிசியில் 8 பாராக வாசித்த சீக்வென்ஸை இரண்டாக வெட்டி இரண்டு பேட்டர்னில் வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக மாற்றிவிட்டேன், ஆனால் பாட்டின் நடையே போய்விட்டது. ஸ்விங்கை எப்படி மாற்றுவது?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன் என்று சொன்னாலும் தவறில்லை. ஒலி போய்விட்டால் வேறு ஒலி தேடலாம். நடை போய்விட்டால் அது வேறு பாட்டு.

ஸ்விங் என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் பார்ப்போம். ரோஜர் லின் 1980-இல் எல்எம்-1 டிரம் மெஷினில் கொண்டுவந்து, 1988-இல் எம்பிசி60-இலும் வைத்த முறை இது. பதினாறாம் நோட்டுகளை இரண்டு இரண்டாகச் சேர்த்து, ஒரு ஜோடியின் மொத்த நேரத்தில் முதல் நோட்டு எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அந்த எண். 50 என்றால் சமம், ஸ்விங்கே இல்லை. 66 என்றால் ஏறக்குறைய திஸ்ர நடை. எம்பிசியில் 50 முதல் 75 வரை போகலாம்.

எல்லாக் கருவியிலும் இந்த எண் ஒன்றல்ல. சிலவற்றில் 0 முதல் 100 வரை இருக்கும். அந்த 100 எதைக் குறிக்கிறது என்பதுதான் விஷயம். 100 என்பது திஸ்ரம் என்றால் எம்பிசியின் 58 அங்கே 48. 100 என்பது எம்பிசியின் 75 என்றால் அதே 58 அங்கே 32. கண்டுபிடிக்க ஒரு வழி: ஹை-ஹேட்டை மட்டும் பதினாறாம் நோட்டில் போட்டு ஸ்விங்கை முழுவதும் ஏற்றி, ஒரு பார் பதிவு செய்து, ஆடியோ எடிட்டரில் இரண்டு அடிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

இப்போது நான் பட்ட பாடு. எம்பிசி 1000-இல் 90 பிபிஎம், ஸ்விங் 58 வைத்து வாசித்த ஒரு பாட்டு. ஹை-ஹேட் கொஞ்சம் சோம்பலாக, ஆனால் நின்றுவிடாமல் நடக்கும், அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். டிஜிடாக்டுக்கு மிடி வழியாகப் பதிவு செய்தேன். நினைவாக அங்கேயும் ஸ்விங் 58 வைத்தேன். ஓடவிட்டால் ஹை-ஹேட் நொண்டுகிறது. வேறு ஹை-ஹேட் சாம்பிள் போட்டுப் பார்த்தேன், வால்யூமைக் குறைத்துப் பார்த்தேன், ஒரு மாலை முழுவதும் போயிற்று.

காரணம் எளிது. எம்பிசி 1000-இல் ஒரு பீட் 96 டிக். பதினாறாம் நோட்டு 24 டிக், ஜோடி 48 டிக். 58 சதவீதம் என்றால் இரண்டாவது நோட்டு 28-ஆவது டிக்கில் விழும், அதாவது 4 டிக் தாமதம், 90 பிபிஎம்மில் சுமார் 28 மில்லிவிநாடி. எம்பிசியின் டைமிங் கரெக்ட் (குவான்டைஸுக்கு அங்கே அதுதான் பெயர்) அந்தத் தாமதத்தை நோட்டிலேயே எழுதிவிடும். ஆக, மிடியில் வந்த நோட்டுகள் ஏற்கனவே 4 டிக் தள்ளித்தான் வந்தன. அதன்மேல் டிஜிடாக்டின் ஸ்விங் இன்னொரு 4 டிக் தள்ளியது. மொத்தம் 8. 24-உம் 8-உம் சேர்ந்து 32, 48-இல் 32 என்றால் அச்சு அசலான திஸ்ரம். சோம்பலான நடை என்று நான் நினைத்தது மூன்று மூன்றாக எண்ணும் நடையாகிவிட்டது. ஸ்விங்கை 50-க்கு இறக்கியதும் பழைய ஹை-ஹேட் திரும்பி வந்தது, உண்மையாகவே கண் கலங்கியது.

ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். நோட்டுகள் தள்ளியே வந்திருந்தால் புது கருவியில் ஸ்விங்கை அணைத்துவிடுங்கள். அல்லது பழைய கருவியில் 50-க்குக் குவான்டைஸ் செய்து நேராக அனுப்பிவிட்டு, ஸ்விங்கைப் புதியதில் போடுங்கள். கையால் வாசித்து குவான்டைஸே செய்யாத பாட்டுக்கு முதல் வழி மட்டும்தான்.

எலெக்ட்ரான் (ஆக்டாட்ராக், டிஜிடாக்ட் செய்யும் கம்பெனி) கருவிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அவற்றின் மைக்ரோடைமிங் (ஒரு நோட்டை மட்டும் சற்று முன்னோ பின்னோ தள்ளும் வசதி) 384-இல் ஒரு பங்கு என்ற அளவில் நகர்கிறது. நான்கு பீட்டுக்கு 384 என்றால் ஒரு பீட்டுக்கு 96. பழைய எம்பிசியின் அதே கட்டம். 54 ஸ்விங் என்றால் +2, 58 என்றால் +4, 62 என்றால் +6 என்று கையாலேயே மைக்ரோடைமிங் போட்டுக்கொள்ளலாம், டிக் தவறாது.

ஒலிகள் நடுவே அறுந்து விழுகின்றன.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். மிடியில் வந்த நோட்டு மிகக் குட்டையாக இருந்து, புது கருவி நோட்டு முடிந்ததும் ஒலியை நிறுத்துகிறது. பழையதில் ஒன்-ஷாட் மோட் இருந்ததால் நோட்டு எவ்வளவு குட்டையானாலும் ஒலி முழுதாக ஓடியது. புதியதிலும் ஒன்-ஷாட் வையுங்கள், தீர்ந்தது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை ஒலி என்ற எல்லை. எம்பிசி 2000எக்ஸ்எல்லில் 32, எஸ்பி-404எஸ்எக்ஸில் 12, முதல் டிஜிடாக்டில் ட்ராக்குக்கு ஒன்று வீதம் 8. பேட் பேடாக அடுக்கிப் பழகிய பாட்டை அங்கே கொண்டுபோனால், ஒரே ட்ராக்கில் இருக்கும் இரண்டு ஒலிகளில் பின்னால் வருவது முன்னால் வந்ததை வெட்டும். எப்போதும் சேர்ந்தே அடிக்கும் கிக்கும் பாஸும் இருந்தால் இரண்டையும் ஒரே சாம்பிளாகப் பதிவு செய்துவிடுங்கள். திறந்த ஹை-ஹேட்டையும் மூடியதையும் ஒரே ட்ராக்கில் வைத்தால் ஒன்றையொன்று வெட்டும், அங்கே நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு நீண்ட சாம்பிளைப் பல துண்டாக வெட்டி வாசித்திருக்கிறேன். அந்த வெட்டுகள் வருமா?

வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டும் இடங்களை ஒவ்வொரு கருவியும் தன் முறையில் எழுதுகிறது. ஆக்டாட்ராக் அதற்கென்றே சாம்பிளுக்குப் பக்கத்தில் OT என்ற தனி ஃபைல் வைக்கிறது, ஒரு சாம்பிளுக்கு 64 துண்டு வரை. துண்டுகளைத் தனித்தனி வேவ் ஃபைலாகப் பழைய கருவியிலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. புது கருவியில் தானாக வெட்டும் வசதியை நம்பி மறுபடி வெட்டினால் இரண்டு மூன்று மில்லிவிநாடி விலகும், அந்த விலகல் ஸ்நேரில் கேட்கும்.

எஃபெக்டும் பழைய கருவியின் ஒலியும் வேண்டும். என்ன செய்வது?

கருவியின் அவுட்புட்டிலிருந்து பதிவு செய்யுங்கள். ஃபைலை மட்டும் எடுத்துப்போனால் ஒலியின் ஒரு பகுதிதான் வரும். 1987-இல் வந்த எஸ்பி-1200-ஐப் பாருங்கள். 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் 10 விநாடி. 33 ஆர்பிஎம் ரெக்கார்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்து, உள்ளே சுருதியை இறக்குவார்கள், இடம் மிச்சமாகும், அதோடு அந்தக் கரகரப்பும் வரும். அந்தக் கரகரப்பு ஃபைலில் இல்லை, கருவி சுருதியை இறக்கும் முறையில் இருக்கிறது. அதன் அவுட்புட்டுகளும் ஒன்றுபோல் இல்லை. 1, 2-இல் ஒலிக்கேற்ப அசையும் அனலாக் ஃபில்டர், 3 முதல் 6 வரை நிலையான ஃபில்டர், 7, 8-இல் ஃபில்டரே இல்லை. ஒரே கிக்கை எந்த அவுட்டில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறு கிக் கிடைக்கும். எம்பிசி60-க்கும் இதே கதைதான், 12 பிட், 40 கிலோஹெர்ட்ஸ்.

எஃபெக்ட் போட்டதை ஒருமுறையும் போடாததை ஒருமுறையும் எடுத்துவையுங்கள். இரண்டும் ஒருநாள் வேண்டியிருக்கும்.

ஸ்டெம்களை (டிரம், பாஸ் என்று பிரித்தெடுக்கும் பகுதிகள்) தனித்தனியாக எடுக்கும்போது ஒன்றுக்கொன்று விலகுகின்றன.

சாம்பிளரின் கிளாக் வேறு, ஆடியோ இன்டர்ஃபேஸின் கிளாக் வேறு. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட 4 நிமிடப் பாட்டின் முடிவில் 12 மில்லிவிநாடி விலகும். கம்ப்யூட்டரிலிருந்து மிடி கிளாக் அனுப்பி சாம்பிளரைப் பின்தொடர வைப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு. முழுப் பாட்டையும் எடுக்காமல் 8 பார் துண்டுகளாக எடுக்கிறேன். ஒவ்வொரு துண்டையும் இரண்டு சுற்று ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி வைக்கிறேன். அப்போது முதல் சுற்றின் முடிவில் நீண்ட ரிவர்ப் வால் இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் சேர்ந்தே வரும், லூப் செய்தால் ஒட்டுப்போட்டது தெரியாது.

மாஸ்டர் கம்ப்ரஸர் இருந்தால் அணைத்துவிடுங்கள். கிக் இல்லாமல் தனியாக ஓடும் பாஸை அது வேறு மாதிரி அமுக்கும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்தால் பழைய மிக்ஸ் வராது. ஃபேடர்களைத் தொடாதீர்கள்.

தானாக மாற்றித்தரும் மென்பொருள் எதுவும் இல்லையா?

இருக்கிறது. கன்வர்ட்வித்மாஸ் என்ற இலவச மென்பொருள் எம்பிசி கீகுரூப், எஸ்எஃப்இசட் போன்ற பல வாத்திய ஃபைல் வடிவங்களுக்கிடையே மாற்றித்தரும். பல சுருதிகளில் பதிவு செய்த பியானோ, ஸ்டிரிங்ஸ் போன்றவற்றுக்கு அருமையாக உதவும், எண்பது சாம்பிளைக் கையால் அடுக்குவது யாருக்கும் முடியாத வேலை. ஆனால் அது மாற்றுவது வாத்தியத்தை. சீக்வென்ஸையோ பாட்டையோ மாற்றாது.

கார்டைப் புது கருவி படிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யாமல் அந்தக் கருவியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவில் வரும், பழைய கருவிகளுக்கு அது புரியாது. ஆக்டாட்ராக்கில் பாட்டை எடுப்பதற்கு முன் ப்ராஜெக்ட் மெனுவில் கலெக்ட் சாம்பிள்ஸ் கொடுத்துவிடுங்கள், எங்கெங்கோ இருக்கும் ஒலிகள் எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வந்துவிடும்.

கை பழகவே மாட்டேன் என்கிறது. பேடுகளை எப்படி அடுக்குவது?

எம்பிசியில் முதல் பேட் கீழே இடது மூலை. எஸ்பி-404எஸ்எக்ஸில் மேலே இடது மூலை, அதுவும் 12 பேட்தான். எண்படி அடுக்கினால் கிக் தலைகீழாகப் போய்விடும். எண்ணை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்து அடுக்குங்கள். எம்பிசியின் கீழ் மூன்று வரிசை எஸ்பியின் மூன்று வரிசைக்குச் சரியாகப் பொருந்தும்: எம்பிசியின் முதல் பேட் எஸ்பியின் ஒன்பதாவது, ஐந்தாவது பேட் அங்கேயும் ஐந்தாவது, ஒன்பதாவது பேட் அங்கே முதலாவது. எம்பிசியின் மேல் வரிசை நான்கும் அடுத்த பேங்குக்கு. இப்படி வைத்தபின் எனக்கு இரண்டே நாளில் கை திரும்பியது.

பழைய சாம்பிளரை எப்போது விற்கலாம்?

நான் ஒன்றை அவசரப்பட்டு விற்றேன். கார்டு முழுவதும் நகலெடுத்திருந்தேன், ஒரு சாம்பிள்கூட விட்டுப்போகவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு பாட்டை எடுத்தால் 11 சாம்பிளும் இருக்கின்றன, ஆனால் எந்த வரிசையில், எந்த ஃபில்டரோடு, எந்த நடையில் வாசித்தேன் என்று சொல்ல எதுவும் இல்லை. அன்று ஒரு ஸ்டீரியோ பதிவு எடுத்திருந்தால் மூன்றே நிமிடம் ஆகியிருக்கும்.

அதனால் இப்போது விற்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போடுகிறேன். அதில் முழுப் பாட்டின் ஸ்டீரியோ பதிவு, 8 பார் ஸ்டெம்கள், வேவ் சாம்பிள்கள், மிடி எழுத முடிந்தால் மிடி, அப்புறம் பிபிஎம்மும் ஸ்விங்கும் பேட் வரிசையும் எழுதிய ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். திரையில் தெரியும் ப்ரோக்ராம் பக்கங்களை ஃபோனில் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுகிறேன். எல்லாம் முடிந்ததும் அந்த ஃபோல்டரை மட்டும் வைத்து ஒரு பாட்டைப் புது கருவியில் கட்டிப் பார்ப்பேன், பழையதைத் தொடாமல். எங்காவது சந்தேகம் வந்து பழையதை ஆன் செய்ய வேண்டியிருந்தால், விற்பதை இன்னொரு வாரம் தள்ளிப்போடுவேன்.